அக்காவுக்கு மாற்று

எங்கள் மேலாளரை நாங்கள் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிடச் சொன்னதே அந்த மகராசன்தான். "சாரு கீரெல்லாம் வேணாம், நாம ஒரே குடும்பம்" என்று வந்த அன்றே சொன்னார். நானும் பல்லை இளித்துக்கொண்டு நம்பினேன்.

ஒரு பெரிய மருத்துவமனைக்கு நாங்கள் ஐந்து பேர் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று நர்சுகள் அதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நான் டீம் லீட். நாங்கள் எழுதியதைச் சோதித்துத் தப்புக் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் நாலு வருஷமாக எனக்கு அக்கா. அந்த நாலு வருஷமும் அவள் ஒப்பந்த ஊழியர்தான். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி. "இது மட்டும் தப்பில்லாம ஓடட்டும்மா, உன்ன நிரந்தரமாக்குறது என் பொறுப்பு" என்று அண்ணா என் எதிரிலேயே அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

கடனே என்று வேலை செய்கிறவள் இல்லை அவள். யாரும் சொல்லாமலே, மென்பொருளைச் சோதனைக்கு ஓடவிட்டிருந்த வார்டில் ஒரு வாரம் போய் நர்சுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். திரும்பி வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"ஏய் வாலு, இங்க வாடி. கம்ப்யூட்டர் மெதுவா இருந்தா அவங்க பட்டன ரெண்டு தடவ தட்டுறாங்க. மருந்தறைக்கு ரெண்டு டோஸுக்குச் சீட்டு போகுது."

அந்தப் பட்டனை எழுதியது நான். அன்றே சரிசெய்தோம்.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் டீமில் நாற்காலி மாறி உட்காருவோம். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய வேண்டும். அதுவும் அக்கா கொண்டுவந்த பழக்கம்தான். அதனால், மருத்துவமனை முழுக்க மென்பொருள் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னால் அண்ணா ஓர் அட்டவணை அனுப்பியபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வேலையையும் செய்வது யார், அவர் வராவிட்டால் செய்யப்போவது யார் என்று நிரப்ப வேண்டும்.

"இத வச்சுத்தான் உன் அக்காவ நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துல பேசப்போறேன். சும்மா ஜமாய்ச்சிடும்மா" என்றார்.

ஜமாய்த்தேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அக்காவின் வேலைக்கு எதிரே என் பெயரைப் போட்டு, 'முழுமையாகத் தெரியும்' என்று வேறு எழுதினேன். சோதிக்கத் தெரியும்தான். வார்டில் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்குமா? சத்தியமாகத் தோன்றியிருக்காது. அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை, எனக்கும் உறைக்கவில்லை.

மென்பொருள் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. மருத்துவமனைக்காரர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை அக்காவுக்குக் கடிதம் வந்தது: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

அண்ணாவின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"நீதானேம்மா எழுதின, அவ வேல உனக்கு முழுசாத் தெரியும்னு?"

"அக்காவுக்காகப் பேசத்தானே கேட்டீங்க!"

"பேசினேனே. அப்ப ரெண்டு பேர் எதுக்குன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே?" தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அடுத்த புராஜெக்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்துடு."

ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. பாவி, என் கையாலேயே அவள் கழுத்தை அறுக்க வைத்துவிட்டான்.

அக்கா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அட்டவணையை அவளிடம் காட்டியிருக்கிறார்கள்.

"என் வேலைக்கு நேரா உன் பேரு இருந்துச்சு. அவர் எழுதினாரா, நீயா?"

"நான்தான்க்கா. உன்ன நிரந்தரமாக்கத்தான்னு சொன்னாருக்கா..."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

கீழே வரைக்குமாவது தூக்கி வரலாம் என்று அவள் பையில் கை வைத்தேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வழி விடுங்க, மேடம்" என்றாள்.