கடைசியா எப்போ குடுத்தீங்க?

"அந்த மாத்திரைதான் மைதிலி, கிட்னிய..." என்றான் கோகுல்நாத் தங்கையிடம்.

"கிட்னிய அது ஒண்ணும் பண்ணல. நீ போன்ல நாலு வரி படிச்சிட்டு வந்து..."

"நாலு வரி இல்ல. ஆஸ்பத்திரில சேத்த ஒடனே டாக்டர் நிறுத்தச் சொன்னாரா இல்லியா? நல்ல மாத்திரைன்னா எதுக்கு நிறுத்தணும்?"

"அந்த நேரத்துக்கு நிறுத்துனாங்க. அதுக்கு முன்னாடி இருபது வருசம் சாப்பிட்டதுதான் அப்பாவக் காப்பாத்துச்சுன்னு அதே டாக்டர்தான்..."

"காப்பாத்துச்சுன்னு சொல்லல! காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாரு!"

"மெதுவாப் பேசுங்களேன்," என்றாள் பத்மா. "உங்கப்பா இப்பதான் கண்ண..." என்று ஆரம்பித்தவள் மீதியை விழுங்கிக்கொண்டாள். இருபத்து மூன்று நாளாகப் பகலில் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாக்கியம் அது.

கஜபதி கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்று மத்தியானம் ரசம் சோறு சாப்பிட்டு, அப்பளம் இன்னொன்று கேட்டு வாங்கி, "செத்த சாஞ்சிக்கிறேன்" என்று படுத்தவர். நாலு மணிக்குப் பத்மா டீயோடு போய் எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். இதயம் நின்றுவிட்டது என்று தெருமுனை டாக்டர் வந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

பெட்டிக்குக் கரண்டு வேண்டும் என்று ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியதில்தான் இந்தச் சண்டை ஆரம்பம். உள்ளே இருந்த தயிர், கறிவேப்பிலை, இன்சுலின் ஊசி எல்லாம் மேஜைக்கு வந்தன. ஃப்ரிட்ஜின் தலையில் இருந்த மருந்து டப்பாவைக் கோகுல்நாத் திறந்தான். பழைய சர்க்கரை மாத்திரை, வெள்ளையாய்ப் பெரியது, ஒன்பது அட்டை பிரிக்காமல் இருந்தது. அதை அள்ளிக் குப்பைப் பையில் போடப் போனான். மைதிலி கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் ரிமோட்டுக்கு இழுத்துக்கொண்ட மாதிரியே இழுத்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்கு நாற்பது, அவளுக்கு முப்பத்தேழு.

"ஒண்ணு மட்டும் நல்லது நடந்துச்சு," என்றான் கோகுல்நாத். "அந்த ஜுரத்துல அம்மா ரெண்டு நாள் மாத்திரையக் குடுக்காம வுட்டாங்க பாரு. அதனாலதான் அப்பா அங்கிருந்து திரும்பி வந்தாரு."

"அத நான் இல்லன்னு சொன்னேனா?" என்றாள் மைதிலி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

பத்மா தலையைக் குனிந்துகொண்டு கறிவேப்பிலையை உருவ ஆரம்பித்தாள். சாவு வீட்டில் அடுப்பே மூட்டப்போவதில்லை. யாருக்கு உருவுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் நிறுத்தவில்லை. நடந்தது அதுதான்.

கஜபதிக்கு ஜுரம் வந்தது ஒரு வியாழக்கிழமை. குளிர் உதறியெடுக்க, "மழ ஜொரம், வேற ஒண்ணுமில்ல" என்று போர்த்திக்கொண்டு படுத்தார். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஷிஃப்டுக்கு லேட்டாகப் போனதில்லை, மாத்திரையும் லேட்டானதில்லை. காலை எட்டு, ராத்திரி எட்டு. அரை டம்ளர் கஞ்சி கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பத்மாதான் போட்டாள். கஞ்சி வெளியே வந்தது. மாத்திரையும் வந்ததோ என்னவோ என்று வெள்ளிக்கிழமையும் இரண்டு வேளை தவறாமல் போட்டாள். சனிக்கிழமை காலையில் அவர், தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது, சைக்கிள் எங்கே என்று கேட்க ஆரம்பித்ததும்தான் ஆட்டோ பிடித்தார்கள்.

சிறுநீரில் கிருமி, ரத்தத்தில் ஏறிவிட்டது, கிட்னி தடுமாறுகிறது என்றார்கள். நர்ஸ் எழுதிக்கொண்டே இருந்தாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "சுகர் மாத்திரை கடைசியா எப்போ குடுத்தீங்க? வாந்தி எடுக்கும்போதும் குடுத்தீங்களா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே எந்தப் பதில் சரியான பதில் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"இல்லீங்க டாக்டர். சாப்பிடவே இல்லியே, எப்படிக் குடுப்பேன்? புதன்கெழம ராத்திரியோட சரி."

கட்டிலில் கஜபதி கண்மூடிக் கிடந்தார், பக்கத்தில் கோகுல்நாத் நின்றான். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

ஒன்பது நாள் ஐசியூ. அதற்கப்புறம் ஏழு நாள் வார்டு. வீட்டுக்கு அனுப்பும் அன்று அதே டாக்டர் நிதானமாக உட்கார்ந்து பேசினார். "இந்த மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிட்டவங்க இந்த மாதிரி பெரிய இன்ஃபெக்‌ஷன் வரும்போது கொஞ்சம் நல்லாத் தாங்குறாங்கன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. இவருக்கும் அது உதவியிருக்கலாம். உறுதியா என்னால சொல்ல முடியாது. ஆனா வாந்தி, ஜுரம்னு உடம்பு காஞ்சிருக்கும்போது தொடர்ந்து குடுத்தா ஆபத்து. நீங்க நிறுத்துனீங்களே, அது நல்லதாப் போச்சும்மா."

செய்யாத காரியத்துக்கு ஒரு பெரிய மனிதர் பாராட்டிவிட்டார். அன்றிலிருந்து அது அவளுக்குத் தொண்டையில் மீன்முள்தான்.

ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு கஜபதி இருந்த இருப்பு இருக்கிறதே! மாத்திரை போய் ஊசி வந்திருந்தது. ஊசியைப் பார்த்துக்கூட அவருக்குச் சிரிப்பு. "ஓ.டி. பாத்துகினு கீறேன் பத்மா. ஷிஃப்டு முடிஞ்சி போச்சு, இது ஓவர்டைம். டபுள் சம்பளம்," என்பார். வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சென்ட்ரல் போகிற ரயிலின் சத்தத்தை வைத்தே மணி சொல்வார். "இன்னாய்யா, சும்மா சிரிச்சிகினே கீற?" என்று அவள் கேட்டால், "உன்னப் பாத்தா சிரிப்பு வருது, இன்னா பண்ணச் சொல்ற?" என்பார். அவளும் சிரித்துவைப்பாள். சிரித்த கையோடு அடுக்களைக்குப் போய், சொல்லிவிடலாமா என்று நிற்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருபத்து மூன்று நாளும் போய்விட்டன.

வாசலில் மேளக்காரர்கள் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தார்கள். மாலையோடு உள்ளே வந்தார் வீராசாமி. கஜபதியோடு ஒரே ஷிஃப்ட், ரிடையரான பிறகும் மாதம் ஒருமுறை தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க ஒரே வரிசை. மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சிநேகிதன் முகத்தையே பார்த்தார்.

"மூஞ்சப் பாரு, கேன்டீன்ல ரெண்டாவது வட கெடச்சவன் மாதிரி," என்றார். அப்புறம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்மாவுக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்களே சொல்லுங்க அங்கிள்," என்று கோகுல்நாத் அவரையும் சண்டைக்கு இழுத்தான். "நீங்களும் அதே மாத்திரதான போடுறீங்க? அம்மா மட்டும் அந்த ரெண்டு நாள் நிறுத்தாம இருந்திருந்தா..."

"நான் நிறுத்தல," என்றாள் பத்மா.

கறிவேப்பிலைக் காம்பைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?"

"நிறுத்தலடா. நாலு வேளையும் குடுத்தேன். வாந்தி எடுத்தாரு, தொடச்சி வுட்டுட்டுத் திரும்பக் குடுத்தேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். நீகூடப் பக்கத்துலதான் நின்ன. அதனாலதான் உங்கப்பாவுக்கு உள்ள எல்லாம் கெட்டுப்போச்சோ, இல்லாங்காட்டி இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரோ... எனக்குத் தெரியல கோகுலு. யாரக் கேக்குறதுன்னும் தெரியல."

மைதிலி அண்ணனைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கிட்னியைப் பற்றி அத்தனை தெரிந்து பேசியவன் கையிலிருந்த அட்டைகளை மேஜையில் வைத்தான்.

வீராசாமிதான் தொண்டையைக் கனைத்தார்.

"அது அவனுக்குத் தெரியும் தங்கச்சி."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

"போன வாரம் பாக்க வந்தேன்ல? நீ டீ போட உள்ள போன. அப்ப சொன்னான். 'வீரா, டாக்டரு கேக்குறாரு, இவ குடுக்கவே இல்லன்னுட்டா. மூஞ்சில மாஸ்க் போட்டுகினு கெடக்குறேன், கண்ணுதான் தொறக்க முடியல, காது நல்லாத்தான் கேக்குது. பொய் சொல்ல வராது அவளுக்கு, கொரலே கீச்சுன்னு மாறிப் போச்சு. அதப் போயி அந்த டாக்டரு நம்பிட்டாருடா! இவர நம்பி நான் எப்படி ஒடம்பக் குடுக்குறது?' இதச் சொல்லிட்டு சிரிக்கிறான், சிரிக்கிறான், இருமல் வந்துடுச்சு. நீகூட ஓடியாந்து முதுகத் தடவுன."

பத்மாவுக்கு அந்த இருமல் நினைவுக்கு வந்தது. டம்ளரைக் கீழே வைக்காமலே ஓடிவந்து தடவினாள்.

"அவளுக்குச் சொல்லிடாதடா, வெக்கப்படுவான்னு என்கிட்ட சத்தியம் வாங்குனான்," என்றார் வீராசாமி. "இப்ப அவன் பாட்டுக்கு ஜில்லுனு படுத்துகினு கீறான். சத்தியத்த வச்சிகினு நான் இன்னா பண்றது?"

"கோவமா சொன்னாரா அண்ணா?"

"கோவமா? அட நீ ஒண்ணு. பொண்டாட்டி நாடகத்துல நடிச்சத ஊருக்குச் சொல்ற மாதிரி சொன்னான்."

கோகுல்நாத் வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். முழங்காலை முழங்கால் தொடுகிற அளவுக்கு. "காலைலேர்ந்து ஏதாவது குடிச்சியாம்மா?" என்று கேட்டான். மைதிலி பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டிலிருந்து காபி வாங்கிவரப் போனாள். வீராசாமி மேஜையிலிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேதி பார்த்தார்.

"அடுத்த வருசம் வரைக்கும் கீது. எனக்கும் இதே டோஸ்தான். எடுத்துக்கவா தம்பி?"

"எடுத்துக்குங்க அங்கிள்," என்றான் கோகுல்நாத்.

ஒன்பது அட்டையும் அவர் சட்டைப் பையில் கொள்ளவில்லை. மீதியைத் துண்டில் முடிந்துகொண்டார். "ஜொரம் வந்தா மட்டும் நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கேளுங்க அண்ணா," என்றாள் பத்மா. "மறந்துடாதீங்க." காபி வந்தது. சூடாக, சர்க்கரை தூக்கலாக இருந்தது. முழுவதும் குடித்தாள்.

இரண்டரை மணிக்குப் பூப்பல்லக்கு வந்து நின்றது. எந்தப் பக்கம் திருப்புவது, மின்கம்பி தட்டுமா என்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு எழுந்து போனார்கள். கூடத்தில் பத்மா மட்டும் இருந்தாள்.

வெக்கைக்குப் பெட்டியின் கண்ணாடி வேர்த்து, உள்ளே முகம் மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் ஒரு முழ அளவுக்குத் துடைத்தாள். நெற்றியில் விபூதி, மூக்கில் பஞ்சு. இரண்டு காதும் தலைக்கட்டுக்கு வெளியே நன்றாகத் தெரிந்தன. கண்ணாடிமேல் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்:

"அப்ப, எல்லாத்தையும் கேட்டுகினுதான் படுத்திருந்தியாய்யா?"