கடைசி அத்தியாயத்துக்கு மூன்று முழம்

பதினோரு மணிக்குள் அகிலா நான்கு தடவை பதிவை நிறுத்தி அழித்துவிட்டாள். முதல் தடவை குக்கர் விசில் அடித்தது. இரண்டாம் தடவை பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி தெருவில் வந்தது. மற்ற இரண்டு தடவையும் கெடுத்தது முன்னறையில் ஓடிய தறி. மெத்தையைக் கதவில் சாய்த்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து பார்த்தாள். அப்படியும் அந்தத் தடக் தடக் அவள் குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் வாசித்துக்கொண்டிருந்தது நூறு வருஷத்துப் பழைய நாவல், ரங்கூனுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் மரகதத்தின் கதை. பதினோரு பேர் ஆளுக்குச் சில அத்தியாயங்களாக வாசித்துப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு ஏற்றியாகிவிட்டது. நாளை இருபத்தேழு, கடைசி. அதை வாசிக்க வேண்டியவள் அகிலா. முன்பு தன் பங்குக்கு வந்த இரண்டையும் கணவன் சிவராஜ் சாப்பிட்டுக் கண்ணயரும் மத்தியான நேரத்தில் முடித்துவிட்டாள். இந்த வாரம் அவனுக்கு மத்தியான நேரமே இல்லை. கல்யாணச் சேலை ஒன்று சனிக்கிழமை தறியிலிருந்து இறங்க வேண்டும். இரவில் வாசிக்கலாமென்றால் மகள் திரிஷா தூங்குவதும் இதே அறையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "ஒரு நாப்பது நிமிஷம் நிறுத்துங்களேன்."

நிறுத்தினான். அவள் பாதிகூட வாசிக்கவில்லை, வாசலில் யாரோ பத்திரிகை வைக்க வந்து எல்லாம் கெட்டது. அவன் திரும்பத் தறியில் உட்கார்ந்து நெய்தபோது, நிறுத்தின இடத்தில் சேலையின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது. இழை இழையாகப் பிரித்து மறுபடி நெய்ய ஒன்றரை மணி நேரமாயிற்று. அந்த எரிச்சலில் சொன்னான்: "இத்தினி பாடு பட்டு நீ படிக்கிறத யாரு கேக்கப் போறாங்க?"

அன்றிலிருந்து நாலு நாளாக இருவருக்கும் இடையில் "சாப்பாடு", "தண்ணி", "சாவி" என்ற மூன்று சொற்கள்தான். தறி மட்டும் முன்னெப்போதையும்விட வேகமாக அடித்தது. விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிடுகிறான். சோறு பத்தே நிமிஷம். வேண்டுமென்றே செய்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு அடியும் தன் தலையில் விழுவதுபோலக் கேட்டது.

லுப்னா அக்காவுக்குப் போன் போட்டாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். குழுவைச் சேர்த்ததும் அவர்தான், ஒவ்வொரு பதிவையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பதும் அவர்தான்.

"அக்கா, ரெண்டு நாள் குடுங்களேன்."

"ஏழு வாரம் குடுத்தேனேமா. இதுக்கு மேல எங்க போறது? மரகதத்தோட வீட்டுக்காரன் ரங்கூன்லருந்து திரும்புவானா மாட்டானான்னு ஜனங்க எனக்கு மெசேஜ் போட்டுக்கினே இருக்காங்க. நாலு மணிக்குள்ள அனுப்பு. முடியலன்னா சொல்லிடு, நம்ம குழுவுல பிரவீனா ரெடியா இருக்கா."

"பிரவீனா அத நியூஸ் மாதிரி படிப்பாக்கா."

"உன் வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அந்த வாயால அத்தியாயத்தப் படி போ."

போனை வைத்தவள் உட்கார முடியாமல் எழுந்தாள். காய்ந்துவிட்ட துணியை மடித்தாள், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். ஓரிக்கையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஓடிவிடலாமா? அங்கே அண்ணன் பிள்ளைகள் இரண்டும் அம்மை போட்டுப் படுத்திருந்தன. ஐந்தாம் தடவையாகப் போனைக் கையில் எடுத்தாள். இரண்டு வரி. தடக். நிறுத்தினாள். பிரவீனாவின் எண்ணைத் தேடி எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தறி நின்றது.

சோற்றுக்குத்தான் வருகிறான் என்று நினைத்தாள். மெத்தையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த சிவராஜ் தட்டை எடுக்கவில்லை. தோளில் ஒட்டியிருந்த பட்டு நூலைத் தட்டிவிட்டான்.

"படி."

"வேணாம். கோடு விழும். அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்."

"விழாது. சேலையில முந்தி வந்துடுச்சு."

அகிலா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம முந்திக்கு இன்னும் மூணு முழம் இருந்துது. முந்தி வேற கலருல்ல? அந்தக் கலர் பாவு நூல பழைய நூலோட ஒண்ணொண்ணா முடிஞ்சிதான் ஆவணும். முடியறவங்க மூணு மணிக்கு வராங்க. அதுவரைக்கும் தறி சும்மாதான் கெடக்கும்." கீழே உட்கார்ந்து மெத்தையில் முதுகைச் சாய்த்தான். "அதுக்குதான் மாடு மாதிரி நெய்ஞ்சேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"மூணு முழமும் முடியலன்னா? முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். நீ வேற மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்த."

"நான் தூக்கி வெச்சிக்கினேனா?"

"மணி பன்னெண்டாவுது. படிமா."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனை மடியில் நிறுத்தினாள். முதல் பக்கத்தில் குரல் நடுங்கியது. இரண்டாம் பக்கத்தில் நடுக்கம் அடங்கியது. மரகதம் கடைசித் தடவையாகத் துறைமுகத்துக்குப் போகிற இடம் வந்தபோது, எதிரே இருந்தவன் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். கப்பல் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மரகதம் திரும்பி நடந்தாள். கடைசி வரியை வாசித்துவிட்டு அகிலா விரலை உயர்த்தினாள். முடிவில் ஐந்து விநாடி மௌனம் விட வேண்டும் என்பது குழுவின் விதி.

ஒன்று. இரண்டு. மூன்று.

"அப்ப எட்டாவது அத்தியாயத்துல மாமியார் ஒளிச்சி வெச்சாளே ஒரு கடுதாசி, அது அவ கைக்குக் கடைசி வரைக்கும் போவவே இல்லியா?"

அகிலாவின் விரல் அந்தரத்தில் நின்றது. சிவராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எட்டாவது அவள் வாசித்தது அல்ல. வீட்டில் போட்டுக் காட்டியதும் இல்லை.

"எட்டாவது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கெழமைல காதுல மாட்டிக்கினு நெய்வேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இருபத்தாறும் கேட்டேன். அன்னிக்குச் சொன்னது கோவத்துல சொன்னது, அகிலா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மௌனத்தை மட்டும் மறுபடி எடுத்தார்கள். அவன் கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணினாள். அவன் கேட்ட கேள்வியைப் பதிவிலிருந்து வெட்டியெடுத்தாள், ஆனால் அழிக்கவில்லை.

இரண்டரைக்கு அனுப்பினாள். மூன்று மணிக்கு வாசலில் பாவு முடிகிறவர்கள் குரல் கேட்டது. சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்த சிவராஜ் கதவருகில் நின்றான்.

"அடுத்த புக்குல கடைசி அத்தியாயத்த வாங்காத. லுப்னா அக்காகிட்ட முன்கூட்டியே தேதிய சொல்லிடு. தறியில முந்தி வர்ற வாரமாப் பாத்து உன் அத்தியாயத்த வாங்கு."