வேனுக்குள் பல தடவை விடிந்தது

ஒரே பிற்பகலில் என் மச்சானுக்கு நாற்பது தடவை பொழுது விடிய வைத்தேன். நாற்பது தடவை இருட்டவும் வைத்தேன். எல்லாம் இந்த ஒற்றைக் கட்டைவிரலால். சூரியன் அன்று வேலை பறிபோய், தெருமுனையில் நின்று வேடிக்கை பார்த்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்பான், அதனால் அவன் பெயரே ஆதாரம் ஆகிவிட்டது. அவனிடம் பழைய வேன் ஒன்று உண்டு. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி என்று ஒரு குட்டி வீடே இருக்கும். மறுநாள் காலை அதில் நீண்ட சுற்றுலா. அவன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, இடம் உண்டு, சமைக்க ஆள் வேண்டுமே! எனக்குக் கிடையாது.

"உங்க வாய்க்கே தனி வேன் வேணும் அத்தான்," என்றான் என்னிடம். அவளிடமோ, நானே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக அளந்திருந்தான்.

அப்படிப்பட்டவன், வேனின் உள்விளக்கு அணைய மறுத்ததும் பல்லை இளித்துக்கொண்டு என்னிடமே வந்தான். கதவு நிலையில் பொத்தான் போல ஒரு சுவிட்ச் இருக்கும். கதவை மூடினால் அது அமுங்கி விளக்கு அணையும். பக்கக் கதவில் ஒன்று, ஓட்டுநர் கதவில் ஒன்று. இரண்டும் ஒரே விளக்குக்கு. துருவேறி இரண்டும் ஒட்டிக்கொண்டதால் விளக்கு அல்லும் பகலும் எரிந்து பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

திருகாணியைக் கழற்றி, ஒயரில் நூல் கட்டி, பழைய இரண்டையும் எடுத்துப் புதியவற்றை மாட்டினேன். நூல் கட்டாவிட்டால் ஒயர் கதவு நிலைக்குள் நழுவிவிடும். அப்புறம் எலிக்குத்தான் மனுப்போட வேண்டும்.

"கதவை மூடினா லைட்டு அணையும்டா," என்றேன்.

"ஆதாரம்? வெளிய நின்னு எப்படித் தெரியும்? நான் உள்ள இருந்து பாக்கறேன்."

வெயிலுக்காக ஜன்னல்களை வெளியிலிருந்து பலகை போட்டு அடைத்திருந்தான். முன் இருக்கைகளுக்குப் பின்னால் முழுத் தடுப்பு. பக்கக் கதவின் உள்கைப்பிடியையோ, சிக்கனச் சிகாமணி, கழற்றிப் பாத்திர அலமாரிக்கு மாட்டியிருந்தான். அவனாகவே ஏறினான். நான் அன்போடு மூடினேன்.

"அணைஞ்சிடுச்சு அத்தான்! திறங்க."

நான் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தேன். பொத்தானை விட்டால் உள்ளே விடியும், அமுக்கினால் இருட்டு.

"என்ன அத்தான், லைட்டு வந்து வந்து போகுது?"

"சோதனைடா. ஆதாரம் கேட்டியே?"

அரைமணியில் குரலில் மரியாதை ஏறியது. அடுத்த அரைமணியில் கண்ணீரே ஏறியது. வியர்வை கதவிடுக்கு வழியே வழிந்து, பக்கத்து வீட்டுப் பூனை நீந்திக் கரையேறியது. "நீங்களும் வாங்க அத்தான், கும்பிடறேன்!" என்று தேம்பினான். அத்தோடு விட்டிருக்கலாம். விரல் ருசி கண்டுவிட்டதே!

கடைக்குப் போயிருந்த மனைவி அப்போதுதான் பைகளோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"என் தம்பியாவது அழறதாவது! அம்மா போனப்பவே கண்ணு கலங்காதவன். உங்க புளுகுக்கு ஒரு அளவில்லையா?"

அக்கா குரல் கேட்டதும் உள்ளே அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் கம்பீரமாக, "யாரு அழுதா? லைட்டு செக் பண்றோம்கா. அத்தான்தான் வரலைன்னுட்டாரே, பொறாமையில உளர்றாரு."

"நானா வரலைன்னேன்? ஆக்கிப்போட நீ மட்டும் போதும்னு இவன்தான் என்னைக் கழட்டி விட்டான்," என்றேன்.

அவள் பைகளைக் கீழே வைத்தாள். "ஏன்டா, நிஜமா?"

"ஆதாரம் இருக்காக்கா?"

என் கையைத் தட்டிவிட்டு அவளே பொத்தானில் விரலை வைத்தாள். நானாவது விட்டு விட்டு விடிய வைத்தேன். அவள் விரலை எடுக்கவேயில்லை. உள்ளே இருட்டிலிருந்து முதலில் சிரிப்பு வந்தது. பிறகு "அக்கா, விளையாடாத." பிறகு கதவில் டமடமவென்று அடி.

"அக்கா... அத்தானைக் கூட்டிட்டே போலாம்... சமையலும் நானே... அக்கா, மூச்சு முட்டுதுக்கா..."

அவள் தலையைச் சாய்த்து, வானொலியில் பாட்டுக் கேட்பவள்போல் நிதானமாகக் கேட்டாள். விரல் அசையவில்லை.

"ஆமாங்க," என்றாள். "அழத்தான் செய்யறான்."