ஒரு நிமிடம் சும்மா இருந்தால்

கணினியை ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் திரையில் அருவிப் படங்கள் வர வேண்டும் என்று கண்ணாயிரத்துக்கு ஆசை. வெள்ளிமலையில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருப்பவர். மலையின் அருவிகளை எல்லாம் தானே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்திருந்தார். ஸ்கிரீன்சேவர் அமைக்கும் பொறுப்பு கடையில் வேலை பார்க்கும் அனிட்டாவின் தலையில் விழுந்தது.

அவளுக்கா தெரியாது? காத்திருப்பு ஒரு நிமிடம், வேகம் மெதுவாக, படங்கள் கலைந்து கலைந்து வர வேண்டும் என்று மளமளவென்று தட்டினாள். அமைப்பை மாற்றப் பாஸ்வேர்டு கேட்டது. அதைக் கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லாத கண்ணாயிரம், அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே அடித்தார். பிறகு ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

முதல் படம் அருவி. இரண்டாவதும் அருவி. மூன்றாவதாகக் கந்தசாமியின் ரேஷன் கார்டு வந்தது.

அனிட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருவிப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் காட்டாமல், அவசரத்தில் மொத்தப் படங்களையும் காட்டிவிட்டிருக்கிறாள். கடையில் ஸ்கேன் செய்வதெல்லாம் தானாகப் போய் விழும் இடம் அது. யாரும் எதையும் அழித்ததே இல்லை. மலையில் பாதிப் பேரின் ஆதார் அதில் கிடந்தது. போன வாரம் பதிவுத் திருமணத்துக்கு விண்ணப்பிக்க அவள் ஸ்கேன் செய்த படமும் கிடந்தது. அவளும், அவள் தினமும் ஏறி வரும் பஸ்ஸின் கண்டக்டர் செழியனும், தோளோடு தோள் ஒட்டி.

பாஸ்வேர்டு இல்லாமல் அமைப்பை மாற்ற முடியாது, அந்தப் படத்தையாவது அழிக்கலாம் என்று மவுஸைப் பிடித்த நேரம் பார்த்தா அப்பா வந்து நிற்க வேண்டும்? சின்னப்பன் நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

"எலவனாசூர்கோட்டை மாப்ள வூட்டுக்காரங்க உன் பயோடேட்டாவ கேட்டுக்கினே கீறாங்கம்மா. நான் சொல்றேன், நீ அடி."

இப்போது ஃபோல்டரைத் திறந்தால் அவர் கண்ணெதிரிலேயே எல்லாப் படமும் விரியும்.

"டீ குடிச்சிட்டு வாயேன்பா."

"குடிச்சிட்டுதான் வந்தேன். அடி."

பெயர், படிப்பு, ஞானஸ்நானம் வாங்கிய கோயில். ஒவ்வொன்றுக்கும் இடையே சின்னப்பன் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். ஜெபம் சொன்னாலே நடுவில் நிறுத்தி யோசிக்கிற மனுஷன். அவர் யோசிக்கும்போதெல்லாம் அனிட்டா மனசுக்குள் இருபது எண்ணி மவுஸை அசைத்தாள். ஜெராக்ஸ் கேட்டு வந்த பழனியை, எழுந்து போகப் பயந்து, மெஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லி அனுப்பினாள்.

"இன்னாத்துக்கு அத்தப் புடிச்சி ஆட்டிக்கினே கீற? கொஞ்ச நேரம் சும்மா குந்தமாட்டியா?"

சும்மா இருந்து எட்டு மாதம் ஆகிறது அவளுக்கு. பஸ்ஸில் செழியனைத் தெரியாதவள் மாதிரி டிக்கெட் வாங்க வேண்டும். வீட்டில் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அலுத்துப் போயிருந்தது.

"கடைசியா ஒண்ணு போடு," என்றார் சின்னப்பன். "பெத்தவங்க விருப்பம்தான் பொண்ணோட விருப்பம்."

'பெற்றவர்கள்' வரை அடித்தாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, அடி."

அவள் அடிக்கவில்லை. ஒரு நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அருவி வந்தது. "நல்லாக்கீதே!" என்றார். சின்னக்கண்ணுவின் சாதிச் சான்றிதழ் வந்தது. மறுபடி அருவி. பிறகு, திரை முழுக்க அவளும் செழியனும்.

சின்னப்பன் மூச்சுவிடாமல் பார்த்தார். படம் போய், யாருடைய ஆதாரோ வந்தது. அனிட்டாவின் கை பழக்கத்தில் மவுஸுக்குப் போனது. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத," என்றார். "திரும்பி வருமில்ல?"

"வரும்பா. எப்பன்னு தெரியாது."

"வரட்டும். அந்தப் பையன் மூஞ்ச நான் சரியாப் பாக்கல."