ரேகை தாண்டிய நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது, கப்பல்களுக்குக் காண்ட்ராக்டில் ஆள் அனுப்பும் அந்த ஏஜென்சி ஆபீஸ். கீழே இரும்பு கடைகிற அதிர்வில் பிளாஸ்டிக் நாற்காலிகள் லேசாக நடுங்கின. கஜபதியும் அவன் மனைவி தாட்சாயிணியும் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். திருநின்றவூரில் ஏறியதிலிருந்து, கட்டுப்போட்ட அவன் வலது கையை யாரும் இடித்துவிடாதபடி ரயிலில் அவள்தான் குறுக்கே நின்றுகொண்டு வந்தாள். பதினொன்றரைக்கு மேனேஜர் ஸ்ரீநாத் உள்ளே கூப்பிட்டார்.

கஜபதி ஒன்றரை வருடமாகக் கடல் ஆராய்ச்சிக் கப்பலில் சாப்பாடு பரிமாறுகிறவன். மணிக்கட்டு எலும்பு உடைந்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் பிளேட் வைத்தால் கை பழையபடி வரும், விட்டால் கோணலாகக் கூடிவிடும், பிறகு கனமாக எதையும் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. வேலை நேரத்தில் பட்ட அடி என்று ஏஜென்சி எழுதிக் கொடுத்தால் இன்சூரன்சில் ஆபரேஷன் நடந்துவிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் வந்திருந்தார்கள்.

ஸ்ரீநாத் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். கப்பல் பூமத்திய ரேகையைத் தாண்டிய நாளில் எடுத்த போட்டோ. மேல்தளத்தில் விஞ்ஞானிகள் இரண்டு அணியாகக் கயிறு இழுக்கிறார்கள். ஓர் அணியின் கடைசி ஆளாக, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கஜபதி. வாயெல்லாம் பல்.

"பாருங்க, எவ்ளோ ஜாலியா இருக்கீங்க. இது விளையாட்டு. இதைப் போய் டூட்டின்னு நான் எப்படி எழுதறது?"

"இன்னா சார் இப்டி சொல்றீங்க," என்றாள் தாட்சாயிணி. "இவுரு ஜூஸ் குட்த்துகினு இருந்தாரு. ஆளு கம்மின்னு அவங்கதான் கூப்ட்டாங்க. பெரிய சாரு கூப்ட்டா வரமாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா கஜபதி? அப்படின்னா சொல்லுங்க, கப்பலுக்கு எழுதிக் கேக்கறேன்."

தாட்சாயிணி மேசைக்கடியில் அவன் காலை இடித்தாள். ஆமாம் என்று சொல்லு, வேறெதுவும் பேசாதே என்று ரயிலிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அந்தக் கப்பலில் கேரம் போர்டு, டேபிள் டென்னிஸ், படம் பார்க்கப் பெரிய டிவி எல்லாம் உண்டு. ஞாயிறு சாயங்காலம் விஞ்ஞானிகள் கூடிப் பாடுவார்கள். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் கேக். அதைத் துண்டு போட்டுக் கொடுப்பது கஜபதி. கேரம் போர்டில் பவுடரைத் துடைத்துக் காய்களை டப்பாவில் போடுவதும் அவன்தான். காண்ட்ராக்ட் ஆட்கள் அந்த அறையில் உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் யாரும் உட்கார்ந்ததில்லை. எல்லா நாளும் 'தம்பி, தண்ணி'தான். அன்றைக்கு மட்டும் ஒருவர், "கஜபதி, வாப்பா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடினான். எதிர் அணி ஒரே வெட்டாக இழுத்தபோது ஈரத்தில் கால் வழுக்கியது. கயிறு மணிக்கட்டை விடவில்லை.

"இல்ல சார்," என்றான் கஜபதி. "யாரும் கட்டாயம் பண்ல. கூப்ட்டாங்க, போனேன். சந்தோசமாத்தான் இருந்துச்சி."

தாட்சாயிணிக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. "ஒரு பொய் சொல்லத் துப்பில்லையாய்யா உனக்கு?"

"அங்க எனக்குன்னு இருந்ததே அந்த ஒரு நாளு. அதையும் பொய்யாக்க சொல்றியா?"

ஸ்ரீநாத் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த காகிதத்தை நகர்த்தினார். 'ஓய்வு நேரத்தில், சொந்த விருப்பத்தின்பேரில் விளையாடியபோது ஏற்பட்ட காயம்.' கையெழுத்துப் போட்டால், ஏஜென்சி வாங்கி வைத்திருந்த அவன் மாலுமிப் புத்தகத்தை இப்போதே திருப்பித் தருவதாகச் சொன்னார். அது இல்லாமல் வேறு எந்தக் கப்பலிலும் ஏற முடியாது.

"கை கோணலா கீற ஆள எந்தக் கப்பல்ல சார் ஏத்துவாங்க?"

"அது வேற விஷயம்மா."

கஜபதி இடது கையால் பேனாவைப் பிடித்துத் தன் பேரை எழுதினான். எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. ஸ்ரீநாத் ஃபைலில் இருந்த பழைய கையெழுத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஹெட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. பக்கத்துலயே கைரேகை வெச்சிடுங்க."

பன்னிரண்டாவது வரை படித்தவன். எங்கேயும் ரேகை வைத்ததில்லை.

"எந்தக் கை சார்?"

"ஆம்பளைங்களுக்கு இடதுதான்." மைப் பெட்டியைத் திறந்து நகர்த்தினார் ஸ்ரீநாத். "நல்லவேளை."

காகிதம் நகராமல் இருக்க, தாட்சாயிணி அதன் இரண்டு ஓரங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.