தள்ளி இருக்க வேண்டிய நாட்கள்

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள் ஆவுடை அக்கா, தாண்டக் கூடாதென்று தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் முதுகுக்கு நேராகக் கதிர் அளக்கும் கருவியை நீட்டிக்கொண்டிருக்கிறாள் வடிவு, முந்தாநாள் போல அதன் சத்தம் படபடக்கவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டுகிறது, கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு மிச்சம் மீதியைக் கொல்ல அக்காவுக்குக் குடிக்கக் கொடுத்த கதிரியக்க அயோடின் உடம்பை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, அதை அளந்து, இவர் இனி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வேண்டியவர் இந்த ஆஸ்பத்திரியின் இயற்பியலாளர் சண்முகவடிவு, அதாவது தங்கச்சி, என்னட்டி சொல்லுது உன் மிஷினு என்று சுவரிடமே கேட்கிறாள் அக்கா, நல்லாக் குறைஞ்சிட்டு அக்கா, இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம், அக்கா திரும்பவில்லை, குறையலன்னு சொல்லேன், இன்னும் ரெண்டு நாள் கெடந்துட்டு வாறேன் என்கிறாள்.

வடிவுக்கு முழங்கால் வலிக்கிறது, உட்கார நாற்காலி பட்டைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ரெண்டு மாசம் துணைக்கு இருந்துட்டு வந்துருதேன் என்று இதே அக்கா, வடிவு ஆராய்ச்சிப் படிப்பில் இருந்த கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்து திரும்பாமலே தங்கிப்போனது போன வாரம் போலிருக்கிறது, துகள் முடுக்கி ஓடும் நாட்களில் வடிவு வீட்டையே மறந்துவிடுவாள், ஒரு கணம் விழித்து அணைந்துபோகும் அணுக்கருக்களைத் துரத்திக்கொண்டு திரிந்தவளுக்கு, கடுகெண்ணெய் வாடை அடிக்கும் சந்தில் அரைகுறை வங்காளத்தில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிவிட்டு வந்து குழம்பு வைக்கிறவள் கண்ணில் படவேயில்லை, கடையநல்லூரிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்களாம், தங்கச்சி படிப்பு முடியட்டும் என்று அக்கா சொல்ல, அவர்கள் தை வரை பொறுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம், இதெல்லாம் பிற்பாடு யாரோ சொல்லித்தான் தெரியும், அப்போது வடிவு பேராசிரியரோடு சண்டையில் இருந்தாள், ஆராய்ச்சி வரைபடத்தின் வளைகோட்டில் சேராத ஒரே ஒரு புள்ளி, அதை எடுத்துடும்மா, யாருக்குத் தெரியப்போவுது என்றார், மாட்டேன் என்றாள், கட்டுரை போயிற்று, கிடைக்கவிருந்த வேலை போயிற்று, அணு ஆராய்ச்சி என்கிற கனவே போய், கட்டிகளுக்குக் கதிர் அளந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி வேலைக்குச் சென்னை வந்து சேர்ந்தாள், கூடவே அக்காவும், மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு அக்கா சொன்னது, பொய் சொல்லாம வந்தேல்லா, அது போதும், வா, சாப்பிடு.

அந்தச் சோற்றில்தான் தன் நேர்மை இத்தனை காலம் ஓடியிருக்கிறது என்று இப்போது படுகிறது, வெட்கமாகவும் இருக்கிறது, ரெண்டு நாள் என்று அக்கா சொன்னதும் மனசில் முதலில் வந்ததே காலையில் காப்பி யார் போடுவார்கள் என்பதுதான், ஏன்க்கா, வீட்டுக்கு வரப் பிடிக்கலையா என்கிறாள், இங்க என்னை ஒருத்தரும் கூப்பிடலட்டி, சோறு தன்னால வாசலுக்கு வருது, ஆக்குனது நான் இல்ல, உள்ள வரப்படாதுன்னு கதவுல எழுதியே போட்டிருக்கு, பெறந்ததுல இருந்து இப்படிப் படுத்ததில்ல, நீயும் இத்தனை வருசத்துல என்னை இவ்வளவு உத்துப் பாத்ததில்ல.

ரெண்டு நாள் என்ன, ஒரு வாரமே கொடுக்கலாம் என்று வடிவுக்குத் தோன்றுகிறது, ஆனால் இருப்பது இந்த ஒரே அறை, இதற்காக ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்த பள்ளிக்கூட டீச்சர் வெளியே பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருக்கிறார், நர்ஸ் கதவருகே வந்து, மேடம், டிஸ்சார்ஜ் போட்டுரலாமா என்கிறாள், கருவி காட்டியதை வடிவு அப்படியே சொல்கிறாள், போட்டுருங்க, அக்காவின் தோள் கொஞ்சம் தளர்கிறது.

வடிவு பட்டையைத் தாண்டிப் போய்க் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தாள், வீட்டுலயும் தள்ளி இருக்கணும்னு சொன்னியே, அது எத்தனை நாளு என்று கேட்டாள் அக்கா, எல்லோருக்கும் வடிவு சொல்வது ஒரு வாரம், அதை வாய் பலதடவை சொல்லிப் பழகியிருக்கிறது, இப்போது ஒரு மாசம் என்றாள், அடுப்படிப் பக்கமே வரக்கூடாது, கதவைச் சாத்திப் படுத்துக்கணும், அக்கா மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள், உன் மிஷினா சொல்லுது, ஆமாக்கா, மிஷின்தான் சொல்லுது, அணைத்த கருவி மடியில் கிடந்தது, அப்ப சோறு ஆரு பொங்குவா, நான்தான், ஐயோ சாமி, அதுக்கு இந்த மருந்தையே இன்னொரு தம்ளர் குடிச்சிரலாம், ரெண்டு பேரும் சிரித்தார்கள், அக்காவுக்குச் சிரிப்பு நடுவில் நின்று கண் கலங்கியது, அதை மறைக்கத் திரும்பவும் சுவர்ப்பக்கம் புரண்டுகொண்டாள், பத்து நிமிசம் கண்ணசந்துக்கிடுதேன், பெறவு எழுப்பு.

வடிவு எழுப்பவில்லை.