ஆறடிக்கு மூன்றடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் சுற்றிக் கொடுத்தது.

சேந்தமங்கலத்தில் சிவபிரகாஷ் கடையில் பன்னிரண்டு பக்கக் கதை ஒன்றை அச்செடுத்தேன். கசங்கக்கூடாதென்று, பாழாய்ப்போன பிரிண்டுகளின் கட்டிலிருந்து பெரிய தாள் ஒன்றை உருவி என் பக்கங்களை அதில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். உள்ளே இருந்த பன்னிரண்டு பக்கத்தை இன்றுவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த தாள்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அது ஒரு வீட்டின் பிளான், கம்ப்யூட்டரில் வரைந்தது. ஹால், சமையல்கட்டு, இரண்டு ரூம். கீழே ஒரு கட்டத்துக்குள் 'வரைந்தவர்: செ. சுகந்தி, எடப்புளி நாடு, கொல்லிமலை' என்று இருந்தது. பெரிய ரூமில் இரட்டைக் கட்டில். சின்ன ரூமில் ஒற்றைக் கட்டில். சின்ன ரூமின் இன்னொரு மூலை காலி. சன்னல் அந்த மூலையை ஒட்டி இருக்கிறது, பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். ஆனால் அந்தக் காலி இடத்துக்கு மட்டும் அம்புக்குறி போட்டு அளவு எழுதியிருக்கிறது: நீளம் ஆறடி, அகலம் மூன்றடி.

இல்லாத ஒன்றை யாராவது அளப்பார்களா?

(தலைப்பைப் பார்த்ததும் உங்களுக்குச் சுடுகாடு நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. கட்டிலுக்கும் அதே அளவுதான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கங்கள்:

'எழுபதாவது வளைவில் பேருந்து திரும்பியபோது சுகந்தி வெளியே பார்த்த—' வேண்டாம். கொல்லிமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வளைவை எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். தினமும் ஏறி இறங்குகிற பெண் எண்ணமாட்டாள், தூங்குவாள்.

'சுகந்திக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கனவு—' இதைவிட வளைவே தேவலாம்.

'கதவு வீட்டைவிடப் பெரிதாக இருந்தது.' இது பரவாயில்லை, ஏனென்றால் இது நடந்திருக்கும். சேந்தமங்கலத்து கம்ப்யூட்டர் சென்டரில் உள்ளலங்காரத்துக்கான வரைபட வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், சுகந்தி வீட்டை அங்குலத்தில் வரைந்தாள். கதவை மில்லிமீட்டரில் கொண்டுவந்து வைத்தாள். திரை முழுக்கக் கதவு. வீடு அதன் காலடியில் ஒரு தீப்பெட்டி மாதிரி கிடந்தது. சரிசெய்யப் போய் வீட்டையே அழித்தாள். அழித்ததை மீட்கப் போய் இரண்டு வீடு வந்தது. எந்த வீடு தன் வீடு என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்த அந்த நிமிடத்தில்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

வகுப்பெடுத்த வனிதா மேடம் கோடு போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யச் சொன்னார்.

"வீட்ல எத்தனை பேருன்னு முதல்ல எழுதுங்க. யார் எங்க படுப்பாங்க, யார் துணி எங்க இருக்கும். அது தெரியாம வரைஞ்சா அது வீடு இல்ல, டப்பா."

கடைசிப் பயிற்சிக்கு உண்மையான ஒரு வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். சுகந்திக்குத் தேட வேண்டிய வேலை இருக்கவில்லை. அரசாங்கத் திட்டத்தில் அவர்களுக்குப் புது வீடு சேங்ஷன் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சின்னக்கண்ணு மேஸ்திரி அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்க வருகிறார். "எம்புள்ள போட்ட பிளான்லதான் கட்டோணும்" என்று அப்பா செல்லமுத்து மிளகு யாவாரி வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். ஆக, பயிற்சியும் அதுதான், வீடும் அதுதான்.

நோட்டை எடுத்து 'வீட்டில் உள்ளோர்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அதற்குக் கீழே பேனா நகரவில்லை.

3

ஏன் நகரவில்லை என்று எனக்கும் இரண்டு நாள் தெரியவில்லை. அப்புறம்தான் அவளுக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று முடிவுசெய்தேன்.

கலைச்செல்வி. புளியஞ்சோலைப் பக்கம் கட்டிக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. ஆடி நோம்பிக்கு ஒரு பையோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். இப்போது மாசி.

ஏன் திரும்பிப் போகவில்லை? 'அவன் குடித்துவிட்டு—' என்று எழுதி அடித்தேன். 'மாமியார் அன்றைக்கு அந்த வார்த்தையை—' அதையும் அடித்தேன். நான்கு காரணம் எழுதி நான்கையும் அடித்தாயிற்று. அவள் சொல்லவில்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் 'இருக்கிறாயா, போகிறாயா' என்ற அடுத்த கேள்வியும் கேட்டாக வேண்டும், அதனால் கேட்கவில்லை. ஏழு மாதமாக அவள் "ரெண்டு நாள்ல போயிர்றேன்" என்கிறாள், அவர்கள் "ஆகட்டும்" என்கிறார்கள். துணியை ஆணியில் தொங்கும் அந்தப் பையிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, காயவைத்து, மடித்து, மறுபடி பையிலேயே வைத்துக்கொள்கிறாள். சமையல்கட்டு ஓரம் பாயில் படுக்கிறாள். அலமாரியில் இடம் இருக்கிறது. அவளும் வைக்கவில்லை, யாரும் வையென்று சொல்லவுமில்லை.

இப்படி ஒரு வீட்டில்தான் சுகந்தி சோறு போடும் நேரத்தில் நோட்டோடு வந்து நின்றாள்.

"ஏனுங்கப்பா, நம்மூட்ல எத்தன பேருன்னு எழுதட்டுங்?"

செல்லமுத்து ரசத்தைப் பிசைந்தார். "ரேசன் கார்டுல எத்தன பேர் இருக்குதோ அதைய எழுது கண்ணு."

கார்டில் மூன்று பேர். கல்யாணத்துக்குப் பிறகு கலைச்செல்வி பெயரை அவரே போய் எடுத்துவிட்டு வந்தார்.

"நாலுன்னு எழுது" என்றாள் அம்மா மயிலம்மாள். பிறகு, "பென்சில்ல எழுது" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல பென்சில் இல்லீங்கம்மா."

அடுப்படியிலிருந்து கலைச்செல்வி தலையை நீட்டாமல் சொன்னாள்: "மூணுன்னே எழுது சாமி. நான் ரெண்டு நாள்ல போயிருவேன்."

யாரும் 'ஆகட்டும்' சொல்லவில்லை. இது நான் வேண்டுமென்றே செய்ததல்ல. எழுதி முடித்துப் படித்தபோது அந்த வார்த்தை அங்கே இல்லை. சேர்க்கலாமா என்று பார்த்தேன், சேர்க்கவில்லை.

4

மறுநாள் சுகந்தி கட்டிலை வரைந்தாள்.

சும்மா வரைந்துவிடவில்லை. அந்த மூலையை அவள் தனக்கென்று வைத்திருந்தாள். அங்கே ஒரு மேசை, மேசைமேல் என்றாவது வாங்கப்போகிற கம்ப்யூட்டர், அதற்காகவே பிளக் பாயிண்ட். நாமக்கல்லில் ஓர் உள்ளலங்கார ஆபீசில் ஆள் கேட்டிருப்பதாகவும், வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பலாம் என்றும் வனிதா மேடம் சொல்லியிருந்தார். மேசையும் கட்டிலும் சேர்ந்து அந்த ரூமில் கொள்ளாது. நகர்த்திப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். கதவு கட்டிலில் இடித்தது. கடைசியில் மேசையை அழித்தாள். பிளக் பாயிண்டை அழிக்க மறந்தாள், அல்லது மனசு வரவில்லை. எனக்குத் தெரியாது.

இப்போது கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வரைபடத்தில் 'லேயர்' என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல. சுவர் ஒரு தாளில், கட்டில் மேசை ஒரு தாளில், அளவுகள் இன்னொன்றில். அளவு போட ஆரம்பித்ததும் யாரும் கேட்காமலே ஒரு லேயர் தானாக முளைக்கும். அதில் எதை வரைந்தாலும் திரையில் தெரியும். அச்சில் மட்டும் வராது. புதிதாகப் படிக்கிறவர்கள் தெரியாமல் அதில் வரைந்துவிட்டுப் பிரிண்ட் எடுத்த பிறகு முழிப்பது சகஜமாம். இதை எனக்கு விளக்கிய நண்பர், தாளைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார். "நம்பரு அளவு லேயர்ல இருக்கு, அதனால வந்திருச்சு. கட்டிலை அச்சுல வராத லேயர்ல போட்டிருக்குது பாவம்."

அவர் சிரித்ததில் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்று அப்போது தெரியவில்லை.

5

பிரிண்ட் எடுப்பதற்கு முந்தின நாள், திரையை போனில் படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். படத்தில் கட்டில் இருந்தது.

செல்லமுத்து போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "இதென்ன, நம்ம கட்டல்தானே. இது ஒங்கட்டல். இது?"

"கட்டலுங்."

"ஆருக்கு?"

சுகந்தி அம்மாவைப் பார்த்தாள். "ஆராச்சும் வந்தாப் போனா படுக்கத்தான்" என்றாள் மயிலம்மாள்.

கலைச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். இரண்டு விரலால் அந்த மூலையைப் பெரிதாக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சன்னலு கால்மாட்டுலயா இருக்குது?"

"ஆமாக்கா. எங்க வேணும்?"

"தலமாட்டுல இருந்தா காத்து வரும்" என்று சொல்லிவிட்டு, உடனே, "ஆரு படுத்தாலுந்தான் சொல்றேன்" என்றாள்.

ஏழு மாதத்தில் அந்த வீட்டில் அவள் வேண்டுமென்று சொன்னது இது ஒன்றுதான். சாப்பாட்டில் உப்பு கேட்டதில்லை. எழுதுகிறவன் அழக்கூடாது என்பார்கள். அவர்களுக்கு அக்கா இல்லை போலிருக்கிறது.

6

வியாழக்கிழமை அக்காவும் கூடவே இறங்கினாள். "புள்ளைக்குத் தொணைக்கு வாரேன்" என்றாள். தினமும் தனியாகப் போய்வருகிற புள்ளைக்கு என்ன துணை என்று யாரும் கேட்கவில்லை. சுகந்தி சென்டரில் சன்னலைத் தலைமாட்டுக்கு நகர்த்தினாள், பிரிண்டுக்கு அனுப்பினாள், அக்காவைக் கூட்டிக்கொண்டு சிவபிரகாஷ் கடைக்கு வந்தாள்.

தாள் சூடாக வெளியே வந்தது. கலைச்செல்விதான் முதலில் எடுத்தாள்.

பெரிய ரூம், இரட்டைக் கட்டில். சின்ன ரூம், தங்கச்சியின் கட்டில். தலைமாட்டுக்குச் சன்னல் வந்திருந்தது. சன்னலுக்குக் கீழே எதுவும் இல்லை. ஆறடி. மூன்றடி.

"அக்கா, அது… ஸ்கிரீன்ல இருந்துச்சுக்கா. நான் போட்டேன். நீயும் போன்ல பாத்தீல்ல?"

"பாத்தனே" என்றாள் கலைச்செல்வி. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அங்கே இருக்கிறதோ என்பதுபோல. "நல்லாத்தான் இருக்குது. எடம் விட்டிருக்கீல்ல. அது போதும்."

எனக்கு இங்கேதான் குழப்பம். சுகந்தி தெரியாமல் செய்தாள் என்று இவ்வளவு நேரம் எழுதிவந்தேன். ஆனால் அவளுக்குத் தெரிந்தே இருந்தால்? அச்சில் வராத லேயரைப் பற்றி வனிதா மேடம் முந்தின வாரமே சொல்லிக்கொடுத்திருந்தால்? அக்கா பார்க்கும்போது இருக்கட்டும், அப்பா மேஸ்திரியிடம் நீட்டும்போது இல்லாமல் இருக்கட்டும் என்று அந்தப் பெண் நினைத்திருந்தால்? அந்தப் பிளக் பாயிண்ட் வேறு என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், நான் கேட்டால் நான் எழுதிய பதிலைத்தான் சொல்வாள்.

தெரிந்து செய்தாள் என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். அவளை வெறுக்க முடியவில்லை. தெரியாமல் செய்தாள் என்று எழுதினேன். நம்ப முடியவில்லை. அவளுக்கே தெரியாது என்று எழுதினால்தான் கை ஓடியது. அதை வெறும் கைத்தவறு என்று நண்பர் சிரித்தபோது வந்த கோபமும் இதனால்தான்.

7

நான் திரும்பவும் சிவபிரகாஷ் கடைக்குப் போனேன்.

"இதுங்களா? ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க. சின்னது பாத்துட்டு சென்டருக்கு ஓடுச்சுங்க. சித்த நேரத்துல வந்து இன்னொண்ணு எடுத்துட்டுப் போச்சு. இதை வேண்டாம்னு போட்டுட்டாங்க."

"ரெண்டாவது பிரிண்டுல என்ன மாறியிருந்துச்சு?"

"நான் பாக்கலீங்க. மிசினு ஓடுதான்னு பாப்பனா, ஊட்டப் பாப்பனா?"

(நானாக முடிவுசெய்த அக்காவை உண்மையான கடைக்காரர் எப்படிப் பார்த்தார் என்று கேட்காதீர்கள். நானும் குழம்பித்தான் இருக்கிறேன்.)

ஆக, தவறு திருத்தப்பட்டது. ஒரு தவறை இரண்டு விதமாகத் திருத்தலாம். கட்டிலை வேறு லேயருக்கு மாற்றினால் கட்டில் அச்சில் வந்துவிடும். அல்லது அந்த இரண்டு எண்களையும் அழித்துவிட்டால், காலி மூலை வெறும் காலி மூலையாக ஆகிவிடும், ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே ஒரு நிமிடம்தான் ஆகும். சென்டருக்கும் கடைக்கும் நடுவே சுகந்தி ஓடிக்கொண்டிருக்கிறாள். கலைச்செல்வி கடை வாசலில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே பேருந்துகள் நிற்கின்றன. ஒன்று மலைக்குப் போகும். இன்னொன்றில் நாமக்கல் போய், அங்கிருந்து துறையூர் போய், புளியஞ்சோலைக்கும் போகலாம்.

மேலே போய்ப் பார்த்துவிடலாம். வீடு இந்நேரம் எழும்பியிருக்கும், எடப்புளி நாட்டில் செல்லமுத்து வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். ஒரு நாள் மலைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். கண்டக்டர் விசில் ஊதியதும் இறங்கிவிட்டேன். புது வீட்டிலும் ஓர் ஆணியில் அந்தப் பை தொங்குகிறதா என்று பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

அதனால் உங்களிடம் விடுகிறேன். இடம் இதுதான்:

[                                        ]

கட்டிலைப் போடுவதானால் போடுங்கள். எண்களை அழிப்பதானால் அழியுங்கள். மேசையைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன், அதுவும் ஒரு பெண்ணின் இடம்தான்.

சன்னலை மட்டும் நகர்த்திவிடாதீர்கள். அது அவள் கேட்டது.